ஹாஃப் பிரைஸ் புக்ஸ்: ஒற்றைச் சம்பளத்தில் ஹோம்ஸ்கூல் நடத்துகிறவர்களுக்கு ஏற்ற கடை

டாலஸ் பக்கம் இருந்துகொண்டு, ஒருவர் சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடமும் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்றால், ஒரு வருடப் பாடம் முழுவதையும் ஒரே பெட்டியில் போட்டு நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்கிறார்களே, அதற்கு ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை ஹாஃப் பிரைஸ் புக்ஸ் என்கிற பழைய புத்தகக் கடைக்குப் போய்ப் பாருங்கள். எங்கள் வீட்டில் இப்போது நடக்கிற பாடத்தில் பெரும்பகுதி அந்தக் கடை அலமாரியில் இருந்து வந்ததுதான். கடையைப் பற்றி ஆங்கிலத்தில் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நம் வீட்டுச் செலவு வேறு மாதிரி, கூப்பன் நமக்கு உபயோகப்படுகிற இடமும் வேறு, அதனால் நம் கணக்கில் இந்தக் கடை எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் எங்கள் நிலவரம். கணவருக்கு எச்-1பி வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்த எச்-4 விசா, வேலை பார்க்கும் அனுமதி இன்னும் வரவில்லை. மகள் ஐந்தாம் வகுப்புப் பாடம் படிக்கிறாள், அவள் தம்பி இரண்டாம் வகுப்பு. டெக்சாஸில் ஹோம்ஸ்கூல் நடத்த அரசிடம் பதிவு செய்ய வேண்டாம், வருடா வருடம் தேர்வு எழுதிக் காட்டவும் வேண்டாம். 1994-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் லீப்பர் வழக்கில் வீட்டில் நடக்கிற பள்ளியும் ஒரு தனியார் பள்ளிதான் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. நிபந்தனை கொஞ்சம்தான்: பாடம் பெயருக்கு இல்லாமல் உண்மையாகவே நடக்க வேண்டும், புத்தகமோ ஒர்க்புக்கோ வீடியோவோ கண்ணால் பார்த்துப் படிக்கிற மாதிரி பாடத்திட்டம் இருக்க வேண்டும், வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமகனாக நடந்துகொள்வது, இந்த ஐந்தும் அதில் வர வேண்டும். பிள்ளை ஏற்கெனவே பள்ளியில் இருந்தால், விலக்கிக்கொள்கிறோம் என்று ஒரு கடிதம் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். எந்தப் புத்தகத்தை வைத்து நடத்துவது என்பது நம் இஷ்டம் என்பதால்தான் பழைய புத்தகக் கடையை நம்பி ஒரு வருடப் படிப்பைத் திட்டமிட முடிகிறது. நியூயார்க் மாதிரி மாநிலத்தில் இருக்கிறவர்கள் பாடத்திட்டத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, காலாண்டுக்கு ஒரு தடவை அறிக்கையும் அனுப்ப வேண்டும், அவர்கள் புத்தகப் பட்டியலை இன்னும் சீக்கிரமே முடிவு செய்துகொள்வது நல்லது.

அடுத்து, புத்தகத்துக்கான பணம். அது கூப்பனில் இருந்து வருகிறது.

இந்த ஊர் அம்மாக்கள் சிலர் கத்தை கத்தையாகக் கூப்பன் வெட்டி வைத்து, வண்டி நிறைய சாமான் எடுத்துச் சில்லறைக் காசில் பில் கட்டுவதைப் பார்த்து நம் ஆட்களுக்கும் ஆசை வரும். நம் சமையலறைக்கு அது சரிப்பட்டு வராது. துவரம்பருப்புக்குக் கூப்பன் கிடையாது. பட்டேல் பிரதர்ஸில் வாங்குகிற சோனா மசூரி மூட்டைக்கும் புளிக்கும் வெந்தயத்துக்கும் கிடையாது. கூப்பன் என்பது கம்பெனி தன் பிராண்டுக்கு நம்மைப் பழக்குவதற்காகக் கொடுக்கிற பணம், அதனால் அது சீரியல், ஃப்ரோசன் பீட்சா, பாக்கெட் நொறுக்குத்தீனி இவற்றுக்குத்தான் கொட்டிக் கிடக்கும். வாரம் முழுக்க சோறும் குழம்பும் தோசையும் சாப்பிடுகிற வீட்டில் மளிகைச் செலவைக் கூப்பனால் பெரிதாகக் குறைக்க முடியாது, அது ஏற்கெனவே குறைவுதான். நமக்கு உதவுவது குளியலறையும் துணி துவைக்கிற இடமும்: பற்பசை, ஷாம்பூ, சோப்புத்தூள், டயாப்பர், டிஷ்யூ. சிவிஎஸ் மருந்துக் கடையில் ஒரே பொருளுக்குக் கம்பெனிக் கூப்பன் ஒன்று, கடைக் கூப்பன் ஒன்று என்று இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம், அதற்கு மேல் எக்ஸ்ட்ராபக்ஸ் என்று அடுத்த முறை செலவழிக்க ஒரு தொகையும் திரும்பக் கிடைக்கும். இவை எல்லாம் அந்த வாரச் சலுகை விலையோடு சேர்ந்து விழுகிற வாரத்தில் பற்பசை கிட்டத்தட்ட சும்மா கிடைத்த மாதிரி. எக்ஸ்ட்ராபக்ஸுக்குக் கெடு தேதி உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குரோகர் சூப்பர்மார்க்கெட்டில் வெட்டவே வேண்டாம், ஆப்பில் தட்டி ஏற்றிக்கொண்டால் போதும். அங்கே சில கூப்பன்களை ஒரே பில்லில் ஐந்து தடவை வரை பயன்படுத்தலாம் என்று போடுவார்கள், சோப்புத்தூளுக்கு அப்படி ஒன்று வருகிற வாரத்தில் வாங்கி அடுக்கிவிட்டால் மாதக்கணக்கில் அந்தப் பக்கம் திரும்ப வேண்டியதில்லை.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது, கூப்பன் பேசுகிற பலர் இதைச் சொல்வதில்லை. பில்லின் அடியில் நீங்கள் சேமித்தது இவ்வளவு என்று ஒரு தொகை அச்சடித்துக் கொடுக்கிறார்களே, அது நம் கைக்கு வந்த பணம் இல்லை. அன்றைக்கே எடுத்துத் தனியாக வைத்தால்தான் அது பணம், இல்லையென்றால் மாதக் கடைசியில் அது எங்கே போனது என்றே தெரியாது. நாங்கள் வங்கியில் புத்தகத்துக்கென்று ஒரு தனி சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறோம். கடையில் இருந்து வந்ததும் கூப்பனில் கழிந்த தொகையை மட்டும், சேல் விலைக் கழிவை எல்லாம் சேர்க்காமல், அதற்கு மாற்றிவிடுவோம். ரசீதைப் பார்த்துக் கூட்டுவது மகளின் வேலை. கூப்பன் இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்கிய பொருள் ஏதாவது இருந்தால் அதில் கழிந்ததை அவள் ஏற்றவே மாட்டாள், அது சேமிப்பு இல்லை செலவு என்பாள். சரியாகத்தான் சொல்கிறாள்.

கூப்பனே ஒரு பாடம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேப்பர் கூப்பனின் அடியில் பொடி எழுத்தில் இதன் பண மதிப்பு ஒரு சென்ட்டில் நூற்றில் ஒரு பங்கு என்று போட்டிருக்கும். இது எதற்கு என்று தேடினால், முன்பு கடைகளில் சாமான் வாங்குகிறவர்களுக்கு ஸ்டாம்ப் கொடுத்து அதைச் சேர்த்துப் பொருளாக மாற்றிக்கொள்ளச் சொன்ன காலத்தில் சில மாநிலங்கள் அதற்குப் பண மதிப்பு இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டன, அந்தச் சட்டத்தில் சிக்காமல் இருக்கத்தான் இந்த வரி. நாம் கொடுக்கிற கம்பெனிக் கூப்பனைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினால் அதன் மதிப்போடு கூட வழக்கமாக 8 சென்ட் கையாளும் கூலியும் கிடைக்கும், அதுவும் அங்கேயே எழுதியிருக்கும். யார் பணம் யாரிடம் போகிறது என்று ஒரு மதியம் முழுக்கப் பேசினோம். எந்தப் பாடப் பெட்டியிலும் இது இல்லை.

சரி, கடைக்கு வருகிறேன்.

ஹாஃப் பிரைஸ் புக்ஸ் இந்த ஊர்க் கடைதான். 1972-இல் டாலஸில், முன்பு சலவைக் கடையாக இருந்த ஓர் இடத்தில் ஆரம்பித்தது. இன்றைக்கு நாடு முழுக்க நூற்றுக்கு மேல் கிளைகள். பெரிய கார்ப்பரேட் கைக்குப் போகாமல் ஆரம்பித்தவர்களின் குடும்பத்திடமே இருந்தது, நிறுவனர்களில் ஒருவரான பாட் ஆண்டர்சனின் மகள் ஷாரன் ஆண்டர்சன் ரைட் பல வருடம் தலைமைப் பொறுப்பில் இருந்தார். நார்த்வெஸ்ட் ஹைவேயில் இருப்பதுதான் தலைமைக் கடை. ரொம்பப் பெரியது, முதல் தடவை போகிறவர்கள் அரை நாளை ஒதுக்கிக்கொண்டு போங்கள். அச்சடித்தது, பதிவு செய்தது எதுவானாலும் வாங்குவோம் விற்போம், நேற்றைய செய்தித்தாள் மட்டும் வேண்டாம் என்பது அவர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிவருவது. உள்ளே போனால் புரியும், புத்தகத்தோடு இசைத்தட்டு, வரைபடம், புதிர் அட்டை, போர்டு கேம், சிடி, பழைய பத்திரிகை எல்லாம் இருக்கும்.

விலை எப்படி என்றால், பொதுவாக அட்டையில் அச்சடித்த விலையில் பாதி. எல்லாமே பாதி என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். தேடிக் கிடைக்காத பழைய பதிப்புகளுக்கு அதற்கென்று விலை, புதிதாகவே வந்து விற்கிற பொருட்களும் கொஞ்சம் உண்டு. ஸ்டிக்கரைப் பார்த்து எடுங்கள். கிளியரன்ஸ் அலமாரிகள்தான் எங்களுக்கு முக்கியம், அங்கே ஒரு டாலர் இரண்டு டாலர் மூன்று டாலருக்குப் புத்தகம் இருக்கும். பறவை, பாறை, மனித உடல், எரிமலை என்று படம் போட்ட கனமான அட்டைப் புத்தகங்கள், புதிதாக வாங்கினால் இருபது டாலருக்குக் குறையாதவை, சில நேரம் அந்த வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டாம் வகுப்புப் பையனுக்கு அறிவியல் என்றால் இதைவிட என்ன வேண்டும்? கூடவே, டெக்சாஸில் மளிகைச் சாமானுக்கு விற்பனை வரி இல்லாவிட்டாலும் புத்தகத்துக்கு உண்டு, டாலஸ் பகுதியில் 8.25 சதவீதம். கணக்குப் போடும்போது அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடையில் தள்ளுபடிக்கு மூன்று வழி. ஒன்று ஆசிரியர் கார்டு, எல்லாப் புத்தகத்துக்கும் 10 சதவீதம், ஹோம்ஸ்கூல் நடத்துகிற பெற்றோருக்கும் அது உண்டு. டெக்சாஸில் அரசு நமக்கு எந்தச் சான்றிதழும் தருவதில்லை என்பதால், பள்ளிக்கு அனுப்பிய விலகல் கடிதத்தின் நகலோ, ஹோம்ஸ்கூல் குழு எதிலாவது உறுப்பினராக இருந்தால் அந்த அட்டையோ கையில் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டாவது, மின்னஞ்சலில் வருகிற கூப்பன், ஒரு பொருளுக்கு இத்தனை சதவீதம் என்று இருக்கும். மூன்றாவது, மெமோரியல் டே, லேபர் டே மாதிரி நீண்ட வாரக் கடைசிகளில் கடை முழுக்க 20 சதவீதம் போடுவார்கள். இவை ஒன்றோடு ஒன்று சேராது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள், கவுண்டரில் சேர்த்துக் கொடுத்தால் லாபம்.

அப்படியானால் எதை எப்போது காட்டுவது? இதை மகளே உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள். 40 சதவீதக் கூப்பன் ஒன்று வந்திருந்தது. 7.99 டாலர் ஸ்டிக்கர் போட்ட ஒரு வரைபடப் புத்தகத்துக்கு அதைக் காட்டினால் 4.79, வரி 40 சென்ட், மொத்தம் 5.19. இது மட்டும் வாங்குவதானால் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் கூடை நிறைய எடுக்கிற நாளில் ஒரே ஒரு புத்தகத்துக்கு 40 சதவீதம் நல்லதா, எல்லாவற்றுக்கும் 10 சதவீதம் நல்லதா? கூடையில் இருப்பதிலேயே விலை கூடிய புத்தகம் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் இருந்தால் கூப்பன், அதற்குக் கீழே என்றால் கார்டு. உதாரணத்துக்கு மொத்தம் 30 டாலர், அதில் பெரிய புத்தகம் 12.99 என்றால் கூப்பனில் 5.20 கழியும், கார்டில் 3 டாலர்தான். அதே முப்பது டாலருக்குச் சின்னச் சின்னதாக ஒவ்வொன்றும் நாலு ஐந்து டாலரில் எடுத்தால் கார்டுதான் ஜெயிக்கும். 20 சதவீத வாரக் கடைசியில் இந்தக் கால் பங்கு அரைப் பங்காகிவிடும். சதவீதப் பாடத்தில் ஒர்க்புக்கில் இருக்கிற எந்தக் கணக்கையும் அவள் இவ்வளவு நேரம் வைத்துக்கொண்டு யோசித்ததில்லை, கடை நடுவில் தரையில் உட்கார்ந்து போர்டு கேம் அட்டையை மடியில் வைத்து அதன் மேல் எழுதிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் நின்றவர் குனிந்து பார்த்துவிட்டு அவள் விடை சரியா என்று தானும் போட்டுப் பார்த்தார்.

20 சதவீத நாட்களில் கூட்டம் அதிகம் என்பதையும் யோசியுங்கள். நமக்கு இருக்கிற பெரிய வசதி, பள்ளி நாளின் காலையில் போகலாம் என்பதுதான். செவ்வாய், புதன் காலையில் பிள்ளைகள் பகுதியே காலியாக இருக்கும், இரண்டு பிள்ளைகளையும் தரையில் உட்கார்த்தி வைத்துவிட்டு நிதானமாக ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டலாம். அந்த நிதானம் அவசியம் வேண்டும், ஏனென்றால் பழைய பாடப் புத்தகத்தில் பார்த்து வாங்க வேண்டியது நிறைய.

முதலாவது, பதிப்பு. ஹோம்ஸ்கூல் கணக்குப் பாடங்கள் தனிப் புத்தகமாக வராது: மாணவர் புத்தகம், ஒர்க்புக், தேர்வுத் தாள், விடைப் புத்தகம், ஆசிரியர் கையேடு என்று நாலைந்து துண்டாக இருக்கும். கடையில் இவை ஒன்றாக இருப்பது அபூர்வம், ஒருவர் ஆசிரியர் கையேட்டை விற்றிருப்பார், வேறு ஒருவர் மாணவர் புத்தகத்தை விற்றிருப்பார், அட்டை ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்று இரண்டாம் பதிப்பு, இன்னொன்று மூன்றாம் பதிப்பு. பாட எண் மாறிப்போயிருக்கும், விடை எதுவும் பொருந்தாது. அதனால் முதலில் எந்தத் தொகுப்பு, எந்தப் பதிப்பு என்று வீட்டில் முடிவு செய்து ஒவ்வொரு துண்டின் ஐஎஸ்பிஎன் எண்ணையும் போனில் குறித்துக்கொண்டு போங்கள். பின்னட்டையில் அந்த எண்ணை ஒத்துப் பார்த்தால் சந்தேகமே வராது.

இரண்டாவது, எழுதியிருக்கிறதா என்பது. ஒர்க்புக்கை முதல் பக்கம் மட்டும் புரட்டிவிட்டு எடுக்கக் கூடாது, நடுவில் கட்டாயம் பாருங்கள். நான் ஆன்லைனில் ஒரு தனி விற்பனையாளரிடம் நல்ல நிலை என்று போட்டிருந்ததை நம்பி வாங்கிய ஒர்க்புக்கில் பாதி பென்சிலால் நிரம்பியிருந்தது, தபால் செலவையும் சேர்த்தால் புதிதே வாங்கியிருக்கலாம். நேரில் புரட்டிப் பார்க்க முடிகிற கடைக்கு இருக்கிற மதிப்பு இதுதான். கடைசிப் பக்கங்களில் விடைப் பகுதி கிழிக்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளட்டையில் சுரண்டிப் பார்க்கிற எண் கொடுத்து அதை வைத்து இணையத்தில் வீடியோ பார்க்கச் சொல்கிற பாடமாக இருந்தால் பழையதில் அந்த எண் யாரோ பயன்படுத்தியதாகத்தான் இருக்கும், வீடியோ இல்லாமலும் பாடம் நடக்குமா என்று யோசித்து எடுங்கள்.

மூன்றாவது, வயது. கணக்கும் இலக்கணமும் பழசானால் பரவாயில்லை. அறிவியலுக்கும் பூகோளத்துக்கும் வருடம் பார்க்க வேண்டும், அதற்கு நாங்கள் வைத்திருக்கிற வழி சுலபம். சூரியக் குடும்பப் பக்கத்தைத் திறங்கள், ஒன்பது கோள் இருந்தால் அது 2006-க்கு முந்தைய புத்தகம், அந்த வருடம்தான் புளூட்டோவைக் குறுங்கோள் என்று மாற்றினார்கள். ஆப்பிரிக்கா வரைபடத்தில் தெற்கு சூடான் தனியாக இல்லையென்றால் 2011-க்கு முந்தையது. தனிம அட்டவணையில் 113, 115, 117, 118 ஆகிய இடங்களில் முழுப் பெயர் இல்லாமல் தற்காலிகப் பெயர் இருந்தாலோ காலியாக இருந்தாலோ 2016-க்கு முந்தையது. பையன் இதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டான், எந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாலும் முதலில் புளூட்டோவைத் தேடுவான். பழையது என்று தெரிந்தும் வாங்குவது உண்டு, ஒரு டாலர் பூகோளப் புத்தகத்தில் சோவியத் யூனியனை ஒரே நிறத்தில் பார்ப்பதும், புதிய வரைபடத்தில் அதே இடத்தில் பதினைந்து நாடுகளை எண்ணுவதும் வரலாற்று வகுப்புக்கு நன்றாக உதவும். மனித உடல், பாறை, மரம், பூச்சி இவற்றுக்குப் பத்து வருடப் பழசு ஒன்றும் செய்யாது.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரியில் சேர எழுதுகிற எஸ்ஏடி தேர்வுக்கான தயாரிப்புப் புத்தகங்கள் கடையில் வரிசையாக மலிவாக நிற்கும். இந்த நாட்டில் 2024-இல் அந்தத் தேர்வு முழுக்கக் கணினிக்கு மாறிவிட்டது, நேரம் குறைந்தது, கேள்வி அமைப்பு மாறியது, கணக்குப் பகுதி முழுவதற்கும் கால்குலேட்டர் உண்டு. அதற்கு முந்தைய புத்தகத்தை மூன்று டாலர் என்றாலும் எடுக்காதீர்கள், பிள்ளையின் நேரம் அதைவிட விலை கூடியது. மாதிரித் தேர்வும் பயிற்சியும் கான் அகாடமி இணையதளத்தில் இலவசமாகவே இருக்கிறது.

இதைச் சொன்னதும் சிலர் கேட்பார்கள், நூலகம் இலவசம்தானே, பிறகு எதற்குப் பழைய புத்தகக் கடை என்று. நாங்கள் நூலகத்துக்கும் விடாமல் போகிறவர்கள். இந்தப் பகுதி நூலகங்களில் ஊர்க்காரர்களுக்கு அட்டை இலவசம், லிப்பி ஆப்பில் ஒலிப்புத்தகமும் கிடைக்கும். எங்கள் வழக்கம் இதுதான்: ஒரு தடவை படித்து முடிக்கிற கதைப் புத்தகம் எல்லாம் நூலகம், வருடம் முழுக்க மேசையிலேயே கிடக்க வேண்டியது மட்டும் சொந்தம். அகராதி, வரைபடப் புத்தகம், பறவை பார்க்கிற கையேடு, கணக்குப் பாடம், இவற்றைத் தேதி பார்த்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது, பென்சிலால் குறிக்கவும் முடியாது. கதைப் புத்தகத்தை எவ்வளவு மலிவாகப் பார்த்தாலும் கடையில் எடுப்பதில்லை, அதுதான் வீட்டில் அலமாரி நிறைந்து வழியாமல் காப்பாற்றுகிறது. பிள்ளை ஒரே கதையைத் திரும்பத் திரும்ப நூலகத்தில் எடுத்தால் அப்போது வாங்கிக் கொடுப்போம், அதற்குத்தான் அந்த ஒரு பொருள் கூப்பன்.

தமிழ்ப் பாடத்துக்கு இந்தக் கடை உதவாது, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிற மொழி அலமாரி இருக்கும், ஸ்பானிஷ் நிறைய இருக்கும், தமிழை எதிர்பார்த்துப் போக வேண்டாம். நம் பிள்ளைகளுக்கு அது வாரக் கடைசித் தமிழ்ப் பள்ளியிலும் ஊரில் இருந்து தாத்தா பாட்டி கொண்டுவருகிற பெட்டியிலும்தான்.

விற்பதைப் பற்றியும் கேட்பீர்கள். முடித்த புத்தகங்களைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போய் அடையாள அட்டையோடு கவுண்டரில் கொடுத்தால், பார்த்துவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மொத்தமாக ஒரு விலை சொல்வார்கள், சம்மதம் என்றால் அப்போதே பணம். இந்தத் தொகை நாம் மனதில் வைத்திருப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அவர்கள் பாதி விலைக்கோ அதற்கும் கீழேயோ விற்க வேண்டும், அதே புத்தகம் எத்தனை ஏற்கெனவே அலமாரியில் இருக்கிறது என்றும் பார்ப்பார்கள், விற்காததை அவர்கள்தான் சுமக்க வேண்டும், அதனால் அந்த விலைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. கலைக்களஞ்சியத் தொகுதிக்கும் பழைய பள்ளிப் பாடப் புத்தகத்துக்கும் ஒன்றும் பெரிதாகத் தேறாது. சமீபத்தில் வந்து எல்லோரும் கேட்கிற புத்தகம், முழுசாக இருக்கிற போர்டு கேம், இவற்றுக்குப் பரவாயில்லை. கணக்குப் பாடத் தொகுப்பு எல்லாத் துண்டும் சேர்ந்து இருக்கிறது என்றால் அதைக் கடையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், ஹோம்ஸ்கூல் குழுவில் இன்னொரு அம்மா அதைக் கடை கொடுப்பதைவிட நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார், அவருக்கும் கடை விலையைவிடக் குறைவாக இருக்கும். அங்கேயும் போகாததைத்தான் கடைக்கு எடுத்துப் போக வேண்டும். விற்ற பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே அலமாரிப் பக்கம் திரும்பிவிடாமல் வெளியே வந்துவிடுங்கள், பட்டியல் இல்லாமல் உள்ளே சுற்றினால் அங்கேயே தீர்ந்துவிடும்.

பட்டியல் என்றதும் இன்னொன்று. நோட்டு, பென்சில், க்ரேயான், பசை, பை இவற்றை இந்தக் கடையிலோ மற்ற மாதங்களிலோ வாங்காதீர்கள். ஆகஸ்டில் டெக்சாஸ் அரசு வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாள் விற்பனை வரி விலக்கு தருகிறது, ஒவ்வொரு பொருளும் 100 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும், பள்ளிச் சாமானும் துணிமணியும் அதில் வரும். கடைகள் பிள்ளைகளை இழுக்க நோட்டையும் க்ரேயானையும் அடிமாட்டு விலைக்குப் போடுகிற நாட்களும் அவைதான். வருடம் முழுக்கத் தேவையானதை அப்போதே எடுத்து அடுக்கிவிட்டால் புத்தகக் கணக்கில் கை வைக்க வேண்டி வராது.

யாருக்கு இந்தக் கடை வேண்டாம்? இந்தத் தொகுப்புதான், இந்தப் பதிப்புதான், அடுத்த திங்கட்கிழமைக்குள் முழுசாக வேண்டும் என்கிறவர்கள் நேராகப் பதிப்பகத்திடமே வாங்கிவிடுங்கள். பழைய புத்தகக் கடையில் என்ன இருக்கும் என்பது யார் என்ன விற்றார்கள் என்பதைப் பொறுத்தது, கிளைக்குக் கிளை மாறும், அது இவர்கள் குறை இல்லை, தொழிலே அப்படி. இப்போதுதான் ஹோம்ஸ்கூல் ஆரம்பிக்கிறவர்களும் முதல் ஒன்றிரண்டு மாதம் நூலகத்தையும் கான் அகாடமியையும் வைத்து ஓட்டிப் பாருங்கள், பிள்ளைக்கு எது பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு பட்டியல் போட்டால் போதும். ஆரம்ப ஆர்வத்தில் ஒரு அலமாரி நிறைய வாங்கி வைத்துவிட்டு அடுத்த வருடம் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு விற்கக் கொண்டுவருகிறவர்களின் புத்தகத்தைத்தான் நாங்கள் வாங்கிக்கொண்டிருக்கிறோம், முதுகு மடங்காத ஒர்க்புக்குகள் எவ்வளவு வருகிறது என்று பார்த்தாலே தெரியும்.

போகிற காலத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் போகாதீர்கள், அப்போது பள்ளி ஆசிரியர்களும் வருவார்கள், கல்வி அலமாரி வெறிச்சென்று இருக்கும். மே கடைசியும் ஜூனும்தான் நேரம், ஒரு வருடப் பாடத்தை முடித்த குடும்பங்கள் பெட்டி பெட்டியாக விற்கக் கொண்டுவருகிற மாதங்கள் அவை. இந்த ஜூனில் நாங்கள் தேடப்போவது ஆறாம் வகுப்புக் கணக்கு, அதன் விடைப் புத்தகத்தோடு ஒரே பதிப்பில், பையனுக்கு எழுத்துக்கூட்டல் ஒர்க்புக் இரண்டு, அமெரிக்க அரசியல் சட்டத்தைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி விளக்குகிற ஏதாவது ஒன்று. சேமிப்புக் கணக்கில் பணம் இருக்கிறது, மகள் நேற்றுத்தான் கூட்டிச் சொன்னாள்.